போர்வையின் வயிறு

பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர்களின் கதை என்றாலே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் கதையாகத்தான் இருக்கும். நானும் ஒரு வேலையை விட்டேன். மைசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கராக இருந்தேன். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நூல் பிசிறு, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து, குற்றம் உள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று என் தம்பி சொல்வான். ஒருநாள் எங்கள் ஃப்ளோர் மேனேஜர், பாத்ரூம் போய்வர நேரமாகிவிட்டது என்று ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார். நான் எழுந்து போய் அவருடைய காலரில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீரமெல்லாம் இல்லை, கோபம். எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பிறகு பஸ்ஸில் வரும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. காக்ஸ் டவுன் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். என் தொல்லை தாங்காமல் அம்மாவே சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிவைத்து எனக்கு வேலை தேடினார். அப்படி வந்த செய்திதான் இது. ஒக்கலிபுரத்தில் ஒரு பெண், கார்மென்ட்ஸ் வேஸ்ட்டை வைத்துப் போர்வை தைக்கச் சொல்கிறாராம், செக்கிங்குக்கு ஆள் தேடுகிறாராம். வேஸ்ட்டில் தைத்த போர்வையை எந்தப் புண்ணியவான் வாங்குவான் என்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

ரயில்வே லைனை ஒட்டி முன்பு அச்சகமாக இருந்த ஒரு நீளமான கூடம். ரயில் போகும்போதெல்லாம் மேஜைமேல் கத்தரிக்கோல்கள் நடுங்கும். தரையெல்லாம் துணி மூட்டை. ஒரு மூட்டைக்குள் பாதி உடம்பை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர்தான் மேடம். ஜெயநகர்க்காரர், ஆமதாபாத்தில் டிசைன் படித்தவர், முப்பதுகூட ஆகியிருக்காது. தலையில் நூல் குப்பையோடு வெளியே வந்து, ஒரு சாம்பல் நிறத் துண்டை நீட்டி, "இது எவ்வளவு அழகு, பாருங்க" என்றார். நான் அதில் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு வேலை கொடுத்தாராம், பிறகு சொன்னார்.

கார்மென்ட்ஸில் வெட்டி மிஞ்சுவதை மூட்டை மூட்டையாக வெளியே தள்ளுவார்கள். கொஞ்சம் மெஷின் துடைக்கப் போகும், கொஞ்சம் எரியும், மிச்சம் ஊருக்கு வெளியே குழிக்குப் போகும். நான் அத்தனை வருஷம் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை. மேடம் அதை எடைக்கு வாங்கி வந்து, கொதிக்கும் தண்ணீரில் நனைத்து, சுருங்குவதையெல்லாம் சுருங்கவிட்டு, ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டி எது பருத்தி எது பாலியஸ்டர் என்று பிரித்து வைப்பார். பூமிக்குப் பாரமாகாத வீட்டுச் சாமான் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தப் பேச்செல்லாம் எனக்கு அப்போது கொஞ்சம் பணக்காரப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அவர் கையிலும் கொதிதண்ணீர்க் கொப்புளம் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தைப்பவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் தையல் சொல்லிக்கொடுத்தவர் தமிழ்க்காரர் இல்லை. அவருக்கு ஊர் தார்வாடுக்கு மேற்கே காட்டோரம் ஒரு கிராமம். பழந்துணியை அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போட்டு அங்கே போர்வை தைப்பார்கள். கௌதி என்பார்கள். கல்யாணமாகி ஒக்கலிபுரத்துக்கு வந்து, இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள், எதிர்வீட்டில் உருது என்று வாழ்ந்ததில், அவர் பேச்சில் எல்லாப் பாஷையும் ஒரே பானையில் வெந்திருந்தது. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

இங்கே வருவதற்கு முன்னால் அக்கா வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் சோப்புப் புண் ஆறாமல் இருந்தது. கார்மென்ட்ஸில் கேட்டுப் பார்த்தபோது வயசாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கூடத்துக்கு வந்த பிறகுதான் புண் ஆறியது. சில சமயம் ஊசியை வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். "என்ன அக்கா, மருதாணி வைக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வேன். "வெப்பேன், உனக்கென்ன" என்பார்.

மேடமும் அக்காவும் இரண்டு பேருமே கன்னடக்காரர்கள். ஆனால் ஜெயநகர்க் கன்னடமும் தார்வாட்டுக் கன்னடமும் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும். மேடம் மெதுவாகச் சுற்றி வளைத்துச் சொல்வார். அக்கா பதில் சொன்னால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் நான் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் தமிழில் விளக்குவேன். கன்னடக்காரர்கள் இரண்டு பேருக்குக் கர்நாடகத்திலேயே தமிழில் பஞ்சாயத்து செய்துவைத்தவள் நான் ஒருத்திதான்.

பெரிய பஞ்சாயத்து நிறத்தைப் பற்றியது. மேடம் வெள்ளை, சாம்பல், நீலம் என்று துண்டுகளை அடுக்கிவைப்பார். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அக்கா வந்து நடுவில் ஒரு ராணி கலர்த் துண்டை வைப்பார். மேடம் எடுப்பார். அக்கா மறுபடி வைப்பார். கடைசியில் ஒரு போர்வைக்கு ஒரே ஒரு துண்டு அக்கா இஷ்டம், அதை எங்கே வைப்பது என்பது மேடம் இஷ்டம் என்று முடிவானது. மேடம் அந்தத் துண்டை நடுவில் வைக்காமல், ஓரத்தில், தூங்குகிறவர் கை படுகிற இடத்தில் வைத்தார். அக்கா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே" என்றார். உண்மையாகவே நன்றாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் வெட்டும் மேஜையில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். நான் பஞ்சாயத்து வேலையை இழந்தேன்.

முதல் போர்வை முடிகிற நேரம், அக்கா அதன் ஒரு மூலையை மட்டும் தைக்காமல் மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் கொண்டுவந்தபோது மூலை மூடியிருந்தது. செக்கிங் மேஜையில் விரித்துத் தடவிப் பார்த்தேன். அந்த மூலையில் ஏதோ நறநறத்தது.

"என்ன அக்கா இது, கல்லா?"

"அக்கி."

"அரிசியா? போர்வைக்குள்ள எதுக்கு அரிசி?"

"ஹொட்டெ காலியா கௌதிய மூடக்கூடாது. வயிறு காலியா இருந்தா அதுக்குத் தூக்கம் வராது. அதுக்கே வரலைன்னா போத்திக்கிறவங்களுக்கு எங்கேர்ந்து வரும்?"

"அப்ப கொஞ்சம் சாம்பாரும் ஊத்தியிருக்கலாம்."

"சாம்பார் கறை. அப்புறம் நீயே வந்து ஸ்டிக்கர் ஒட்டுவே."

கூடமே சிரித்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் எல்லாரும் அதையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி மூலையை மட்டும் திறந்தபடி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், உலை வைக்க அரிசி எடுக்கும்போது நாலு மணியைப் போர்வைக்குள் போட்டு மூடி மறுநாள் கொண்டுவருவார்கள். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம், ஒருதரம் குருணையைப் போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "விருந்தாளிக்கு நொய்க்கஞ்சியா ஊத்துவே? பிரி" என்றார். அவளும் முனகிக்கொண்டே பிரித்து முழு அரிசியாகப் போட்டாள்.

இதில் வேடிக்கை, இந்த விஷயம் மேடத்துக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிறோம் என்று யாராவது தனியாகப் போய்ச் சொல்வார்களா? அப்படித்தான். மூலை மூடுவது வீட்டில் நடந்தது, கூடத்துக்கு வரும்போது அது முடிந்த போர்வை. நானும் பிசிறு பார்த்தேன், கறை பார்த்தேன், தையல் பார்த்தேன், பாஸ் போட்டேன். அரிசிக்கென்று என்னிடம் ஸ்டிக்கர் கிடையாது.

பிறகு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஒரு கடையிலிருந்து, அவர்களுக்காக இங்கே சரக்கைப் பார்த்து வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஆபீஸ் மூலமாகப் போர்வை கேட்டார்கள். அதுவரை கண்காட்சிகளில் ஒன்றிரண்டாக விற்றுக்கொண்டிருந்தோம். கூடத்துச் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார், அங்கே அடுக்குமாடி எழுப்ப அவருக்கு ஆள் கிடைத்திருந்தது. இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் அவருக்கு ஒரு வருஷ வாடகையை முன்கூட்டியே கொடுத்து இடத்தைப் பிடித்து வைக்கலாம். போகாவிட்டால் கூடத்தை மூட வேண்டியதுதான். மேடம் இதை ஒளிக்காமல் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். அக்கா ஊசியை எடுத்தார். மழைக்காலம் முழுக்கத் தையல் நடந்தது. போர்வைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன.

பேக்கிங் ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில் பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். நாங்கள் முன்பு சாம்பிளாகக் கொடுத்த போர்வை. அவர்கள் அலமாரியில் மழைக்காலம் முழுவதும் இருந்திருக்கிறது. உறைக்குள் கறுப்புக் கறுப்பாக வண்டுகள், காலை நடைக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன.

"மூலைய பிரிச்சுப் பாத்தோமுங்க மேடம். உள்ள அரிசி இருக்குது. துணிக்குள்ள சாப்பிடற பொருள வெச்சு அனுப்ப முடியாதுங்க. அங்க போனதும் மொத்த லாட்டையும் எடுத்து எரிச்சுப் போடுவாங்க."

மேடம் சிரித்தேவிட்டார். "ஏதாவது குழந்தை விளையாட்டா போட்டிருக்கும் சார். இந்த ஒண்ணுல மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"நாந்தான் போட்டேன்" என்றார் அக்கா. "எல்லாத்துலயும் இருக்கு."

மேடம் சுவரோரம் அடுக்கியிருந்த போர்வைகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை நான் பார்த்தேன்.

வந்தவர் நியாயமாகத்தான் பேசினார். போர்வை எல்லாவற்றிலும் மூலையைப் பிரித்து, உதறி, மறுபடி மூடிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், கொடுத்த தேதிக்குள் லாரியில் ஏற வேண்டும் என்றார். போகும்போது, மேடம் ஒவ்வொரு போர்வையோடும் வைக்க அச்சடித்திருந்த சின்ன அட்டையை எடுத்துப் பார்த்தார். இந்தப் பெண்கள் மனசு வைத்து ஒவ்வொரு தையலும் போட்டார்கள் என்று அதில் இங்கிலீஷில் இருந்தது. "இது அருமைங்க. கஸ்டமருக்குக் கதை ரொம்ப முக்கியம்" என்றார். கதை வேண்டும், அரிசி வேண்டாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய போர்வையில் வண்டு ஊர்ந்தால் நான் மட்டும் சும்மா இருப்பேனா? கடைக்காரனைத் தெருவுக்கு இழுத்திருப்பேன்.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அக்காவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க வீட்டுப் போர்வைல இல்லையா?"

"எங்க வீட்டுல எல்லாம் கடையில வாங்கின கம்பளி அக்கா."

"ஐயோ பாவம்" என்றார் அக்கா. உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

ஆம்பூர்ப் பெண் ஒரு யோசனை சொன்னாள். "சாமிக்குப் படைக்கிறோம், சாமியா வந்து சாப்பிடுது? காட்டிட்டு நாமதானே எடுத்துக்கிறோம். அந்த மாதிரி அரிசிய மூலைகிட்ட காட்டிட்டு எடுத்துட்டு மூடிடலாம்கா." எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. மேடமும் ஆவலாக அக்காவைப் பார்த்தார்.

அக்கா தலையாட்டவில்லை. "சாமிக்கு ஹசிவு இல்லம்மா. அதனால காட்டினா போதும். கௌதி அப்படியா? ராத்திரியெல்லாம் மனுஷனோட படுக்குது. மனுஷனுக்குப் பசிக்கும்."

மேடம் அந்த அட்டையில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் மேடம் கண்ணெல்லாம் சிவந்து, ஆனால் குதூகலமாக வந்தார். மூலையை மூடவே வேண்டாம், ஒரு விரல் அளவு திறந்தே விடலாம் என்றார். கூடவே ஒரு ஊசி, கொஞ்சம் நூல், அட்டையில் நாலு வரி. வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுத் தானியத்தில் நாலு மணியைத் தாங்களே போட்டு மூடிக்கொள்ளட்டும். அக்கா இதைக் கேட்டதும் மேடத்தின் கன்னத்தைத் தொட்டார். "எங்க ஊர்லயும் யாருக்குத் தைக்கிறோமோ அவங்க வீட்டு அக்கிதான் போடுவோம். இங்க அவங்க யாருன்னு தெரியாதுன்னுதான் என் வீட்டுது போட்டேன்" என்றார். அன்று கூடத்தில் எல்லாரும் நிறையப் பேசினோம். ஒருத்தி வெளியே போய் எல்லாருக்கும் போண்டா வாங்கி வந்தாள்.

பையிங் ஆபீஸ் வழியாகக் கேட்டதற்கு ஃபேக்ஸில் பதில் வந்தது. தையல் திறந்திருப்பது டிஃபெக்ட். மூடித் தருவது, அல்லது ஆர்டர் ரத்து. செக்கராக இருந்தவள் நான், அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதற்காகவே அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட ஆத்திரமாக வந்தது.

பிரிக்கிற வேலை சுலபமாக நடந்தது. அக்காவே முதலில் கத்தரிக்கோலை எடுத்தார். போட்ட கைதான் எடுக்க வேண்டும், மற்றவர்கள் எடுப்பது மரியாதை இல்லை என்று தன்னுடையதையெல்லாம் தானே பிரித்தார். மற்றவர்களையும் அவரவர் போட்டதை அவரவரே எடுக்கச் சொன்னார். எடுத்த அரிசி முறத்தில் குவிந்தது. மாலையில் அதை ரயில்வே லைன் ஓரத்தில் தூவினார், புறாக்கள் வந்தன. எல்லாப் போர்வைகளும் ஒரு மூலை வாய் பிளந்தபடி சுவரோரம் அடுக்கியிருந்தன. மூட ஒரு முழுநாள் வேலை. மறுநாள் சாயங்காலம் லாரி வரும்.

மறுநாள் காலையில் எல்லாரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அக்கா ஊசியை எடுத்தார், நூல் கோத்தார், ஒரு போர்வையை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டார்.

"கை வரல மேடம்" என்றார்.

"நான் கட்டாயப்படுத்த மாட்டேன் அக்கா."

"தெரியும். இது போகலைன்னா இங்க பூட்டு போட்டுடுவாங்க, இல்லே?"

"ஆமா அக்கா."

"எனக்கும் தெரியும். நான் பாத்திரம் தேய்க்கப் போகணும். உங்க மேல கோவமே இல்ல. கை வரல, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்து, "நீங்க தையுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். ஆனால் அவருக்கு வராத கை அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு எப்படி வரும்? ஆம்பூர்ப் பெண்கூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் எழுந்து போய் ஒரு போர்வையை எடுத்து வந்து, யாரையும் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மூலையை மூட ஆரம்பித்தார். அவருக்குக் கை தையல் வராது. எத்தனையோ முறை அக்காவிடம் உட்கார்ந்து முயன்றும் வராமல் விட்டவர். ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை, கோணல் மாணல். முடித்துவிட்டு என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தையலை என் மனசறிந்து பாஸ் போட முடியாது. பாஸ் போடவும் இல்லை. பிரித்தேன். எனக்கு எல்லார் மேலும் கோபம், வண்டுகள் மேல், அந்த ஃபேக்ஸ் மேல், அக்காவின் பிடிவாதத்தின் மேல். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பயம். அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கைகள் மறுபடி சோப்புத் தண்ணீருக்குள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேஜையை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தேன், போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். இத்தனை நாளும் மற்றவர்கள் தைத்ததைப் பார்த்தவளே தவிர அந்தக் கூடத்தில் நான் ஒரு தையல் போட்டதில்லை. மூலைக்குள் விரலை விட்டுத் தடவினேன். உள்ளே ஒன்றுமில்லை. சாம்பாரும் ஊற்றச் சொல்லிக் கிண்டல் செய்தவள்தான் நான், எனக்கே அந்த வெறும் மூலையை அப்படியே மூட மனம் வரவில்லை.

நான் பெரிய ஜெபக்காரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீளும்போது முன்வரிசைக்காரர்களின் ரவிக்கையில் பிசிறு தேடுகிறவள். ஆனால் சின்ன வயசிலிருந்து வாயில் ஊறிய ஜெபம், என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் தானாக வரும். அதில் அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் உதட்டுக்குள் சொல்லி, மூலையை மூடி, நூலைக் கடித்தேன். அடுத்த போர்வையை எடுத்தேன். அதற்கும் சொன்னேன். எத்தனை மூடினேனோ, தலை நிமிரவில்லை.

"என்ன முணுமுணுக்கிறே?" என்றார் அக்கா. பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல அக்கா. ஜெபம்."

"என்ன கேக்குறே உங்க சாமிய?"

"சாப்பாடு."

"யாருக்கு?"

மடியிலிருந்த போர்வையைத் தட்டிக் காட்டினேன். "இத போத்திக்கிட்டுத் தூங்கப் போறவங்களுக்கு. அவங்க வீட்டுல சோறு இருக்கணும்னு."

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அடுக்கிலிருந்து ஒரு போர்வையை இழுத்து மடியில் போட்டார். மூலையை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சத்தமா சொல்லு" என்றார். "வயித்துக்குள்ள போகணும் இல்லே?"

நான் பாட்டுக் குழுவில்கூட வாயை மட்டும் அசைக்கிறவள். அத்தனை பேர் நடுவில் சத்தமாக ஜெபம் சொல்ல வெட்கமாக இருந்தது. மேடம் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஊசியோடு என் வாயைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா முதல் தையலைப் போட்டார்.